ஒரு தேதி, பதினெட்டு டைரிகள்: பழைய பக்கங்களைத் திரும்பிப் படிக்க முழுமையான வழிகாட்டி

டைரி எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. எழுதியதைத் திரும்பப் படிக்கிறவர்கள் குறைவு. ஜனவரியில் நகைக்கடையிலோ வங்கியிலோ கொடுத்த டைரி டிசம்பரில் பரணுக்குப் போய்விடும். பிறகு வீடு மாற்றும்போதுதான் அது வெளியே வரும். நின்றபடியே இரண்டு பக்கம் புரட்டுவோம், "அட, இதையெல்லாமா எழுதியிருக்கேன்" என்போம், மறுபடியும் அட்டைப்பெட்டியில் போட்டுச் சணல் கட்டிவிடுவோம்.

முதல் டைரியின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் மார்ச்சைத் தாண்ட மாட்டீர்கள். நான் மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் பிப்ரவரியிலேயே எழுந்துவிட்டேன். நான்காவது முறை வேறு வழியில் போனேன். ஒரே ஒரு தேதி, எல்லா வருடத்து டைரியிலும் அந்த ஒரு பக்கம் மட்டும். என் தேதி டிசம்பர் 12. 2004 முதல் 2024 வரை 21 வருடங்களில் என்னிடம் இருப்பவை 18 டைரிகள். 2009-இல் நான் எழுதவே இல்லை. 2013 டைரி வீடு மாற்றியபோது தொலைந்தது. 2018 மார்ச்சோடு நின்றுவிட்டது.

தேதியை வைத்து ஏன் தேட வேண்டும்? நம் மனசு தேதி போட்டு எதையும் அடுக்கி வைப்பதில்லை என்பதுதான் காரணம். வில்லெம் வாகெனார் என்ற நெதர்லாந்து உளவியலாளர் ஆறு வருடம் தனக்கு நடந்ததைத் தினமும் குறித்து வைத்தார். மொத்தம் சுமார் 2,400 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, யாரோடு, எங்கே, எப்போது என்று நான்கு விவரங்கள். பிறகு அவற்றில் ஒன்றைத் துப்பாக வைத்துக்கொண்டு மற்றவை ஞாபகம் வருகிறதா என்று தன்னையே சோதித்து, முடிவை 1986-இல் வெளியிட்டார். 'என்ன' என்ற துப்புதான் அதிகம் உதவியது. 'எப்போது' என்பது தனியாக இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுக்கும் உதவவில்லை. "2011 டிசம்பர் 12 அன்று என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் நீங்களும் நானும் விழிப்போம். அதனால்தான் தேதியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மனசு தானாக எடுத்துக் கொடுக்காத நாள்கள் அங்கேதான் கிடக்கின்றன. கல்யாணத்தையும் சாவையும் நினைவுபடுத்த டைரி வேண்டியதில்லை.

முதல் படி: தேதியைத் தேர்ந்தெடுப்பது

பிறந்தநாள் வேண்டாம். கல்யாண நாள் வேண்டாம். பொங்கல், தீபாவளி, ஜனவரி 1 எதுவும் வேண்டாம். அந்த நாள்களில் நாம் வாழ்வதும் ஒரு மாதிரி, எழுதுவதும் ஒரு மாதிரி. என் பிறந்தநாள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கும் ஒரே வாசகம்தான்: கோயில், பாயசம், யார் யார் போன் செய்தார்கள், இனிமேலாவது ஒழுங்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் எழுதும் பழக்கத்தையும் பாருங்கள். ஜனவரியில் பக்கம் நிறைய எழுதி ஏப்ரலில் கைவிடுகிறவர் என்றால் உங்கள் தேதி முதல் மூன்று மாதங்களுக்குள் இருக்கட்டும். விடாமல் எழுதுகிறவர் என்றால் ஜூலைக்கு அப்புறம் ஒரு தேதி நல்லது. அதற்குள் புதுவருட சபதங்களின் வாடை போயிருக்கும். தேர்ந்தெடுக்க வராவிட்டால் வீட்டில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, தினசரி காலண்டரில் ஏதாவது ஒரு தாளைத் தொடச் சொல்லுங்கள். எனக்குத் தேதி அப்படித்தான் கிடைத்தது. குறைந்தது ஐந்து வருடப் பக்கங்களாவது தேறினால் போதும். அந்தத் தேதியில் பக்கம் வெறுமையாக இருந்தால் முன்னும் பின்னும் மூன்று நாளுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உண்மையான தேதியைப் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். பிப்ரவரி 29 பக்கம் போகாதீர்கள். இருபது வருடம் எழுதினாலும் ஐந்து பக்கம்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு கேள்வி வரும். எந்தத் தேதி? இங்கிலீஷ் தேதியா, தமிழ்த் தேதியா, திதியா? இங்கிலீஷ் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் பெரிய தகராறு இல்லை, இரண்டும் சூரியக் கணக்கு. டிசம்பர் 12 என்றால் கார்த்திகை 26 அல்லது 27. திதியும் நட்சத்திரமும் அப்படியில்லை. கார்த்திகை தீபம் 2015-இல் நவம்பர் 25, 2016-இல் டிசம்பர் 12, 2017-இல் டிசம்பர் 2. "தீபத்தன்று என்ன நடந்தது" என்று தேட விரும்பினால் அதைத் தனிச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கத்தை எதற்காக எடுத்தோம் என்பதே மறந்துவிடும்.

தேதி என்பதே ஊருக்கு ஊர் மாறிய காலமும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6, நள வருடத்தில் தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் தமிழ்த் தேதியும் ஐரோப்பியத் தேதியும் சேர்ந்தே வரும். அவர் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இன்று நாம் பயன்படுத்தும் புதிய காலண்டரில் இருந்தார்கள், சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய காலண்டரை விடவில்லை. நடுவே 11 நாள் வித்தியாசம். 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த நாள் புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21, தோற்றவர்கள் கணக்கில் செப்டம்பர் 10. 1752-இல்தான் ஆங்கிலேயர்கள் மாறினார்கள். தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகம் உங்களிடம் இருந்து, அதில் "துன்முகி கார்த்திகை 27" என்ற மாதிரி எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அப்பாவின் துன்முகியா தாத்தாவின் துன்முகியா என்று குழம்ப இடமுண்டு.

இரண்டாவது படி: சேர்ப்பது

டைரிகள் ஒரே இடத்தில் இருக்காது. பரண், பீரோவின் அடித்தட்டு, அம்மா வீட்டு இரும்புப் பெட்டி, பழைய ஆபீஸ் பை. எல்லாவற்றையும் கொண்டுவந்து வருட வரிசையில் அடுக்குங்கள். அடுக்கும்போது புரட்டிப் படிக்காதீர்கள். இது கடினம்தான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்தேன்.

டைரி இல்லாத வருடங்களுக்கு வேறு தடயம் தேடலாம். பாஸ்புக், பால் கணக்கு நோட்டு, மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு, ரயில் டிக்கெட், போனில் அந்தத் தேதியில் எடுத்த படங்கள், மின்னஞ்சல் பெட்டியில் அந்தத் தேதிக்குரிய கடிதங்கள். என் 2013 பக்கம் இப்படித்தான் தேறியது: டிசம்பர் 12, பாஸ்புக்கில் 2,000 ரூபாய் எடுத்ததாக ஒரு வரி. எதற்கு என்று இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நிரப்பாதீர்கள். "பாஸ்புக்கிலிருந்து" என்று பக்கத்தில் எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். கடை ரசீதும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தாளில் அச்சானவை, சில வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். கண்ணில் பட்டதும் படம் எடுத்துவிடுங்கள்.

கணினியில் எழுதியவர்களுக்கு ஒரு தலைவலி காத்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களிலோ டிஸ்கி என்ற பழைய குறிமுறையிலோ அடித்த கோப்புகளை இப்போது திறந்தால் தமிழுக்குப் பதில் குப்பையாகத் தெரியும். அழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். அந்த எழுத்துருவைப் போட்டுத் திறந்தாலோ, எழுத்துரு மாற்றியில் கொடுத்தாலோ பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். வந்ததும் யூனிகோடில் சேமியுங்கள், கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். அப்போதுதான் தானாகவே வருட வரிசையில் நிற்கும்.

நனைந்த டைரி, பூச்சி அரித்த டைரி

இது எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் சென்னையில், அதுவும் அடையாற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். 2015 டிசம்பர் 1 இரவு சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த ஏழு டைரிகள் ஊறிவிட்டன. அன்று தெரியாமல் நான் செய்த தவறு, அவற்றை மொட்டை மாடியில் வெயிலில் விரித்துப் போட்டது. தாள் முறுகி, அட்டை வளைந்து, மடிப்பில் பிளந்துவிட்டது. செய்ய வேண்டியது வேறு. நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி லேசாக விரித்து வைக்க வேண்டும். இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக, அச்சில்லாத வெள்ளை உறிஞ்சுதாளைச் செருகி அடிக்கடி மாற்ற வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கங்களை ஈரத்தோடு பிரிக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாத அளவுக்கு நிறைய இருந்தால், பிளாஸ்டிக் பையில் போட்டு பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

பேனா மை கரைந்துவிடும். பால் பாயிண்ட் பேனா எழுத்து பெரும்பாலும் பிழைக்கும். என் 2007, 2008 டைரிகள் பிழைத்ததற்கு, அந்த இரண்டு வருடமும் நல்ல பேனா வாங்கக் காசில்லாமல் இருந்ததே காரணம். இராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள், சில வருடத்தில் அதுவே மஞ்சளித்துத் தாளைத் தின்னும். படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே விடுங்கள்.

மூன்றாவது படி: முதல் வாசிப்பு

பழைய வருடத்திலிருந்து புதிய வருடத்துக்கு வாருங்கள். ஒரே அமர்வில் முடியுங்கள். பதினெட்டு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். கையில் பேனா வேண்டாம், போன் வேறு அறையில் இருக்கட்டும். அடுத்த நாள் பக்கத்தைப் பார்க்கவே கூடாது. இதுதான் இந்தப் படியின் ஒரே கட்டளை, மீறத் தோன்றுவதும் இதைத்தான்.

ஏன் என்று என் முதல் பக்கத்தைக் காட்டுகிறேன். 2004, ஞாயிறு: "சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். அண்ணன் பிள்ளைகள் மணலில் வீடு கட்டினார்கள். சுண்டல் 5 ரூபாய். கடல் அமைதி. அடுத்த ஞாயிறு மறுபடி வரணும் என்று சின்னவன் அடம்." சரியாக இரண்டு வாரம் கழித்து வந்த ஞாயிறு டிசம்பர் 26. அன்று காலை சுனாமி. இதைப் படிக்கும்போது கை தானாக 26-ஆம் பக்கத்துக்குப் போகும். போகக் கூடாது. 12-ஆம் தேதி எழுதியவனுக்கு 26 தெரியாது. அவன் தெரியாமல் எழுதியதைத் தெரிந்துகொண்டு படிக்கிற அந்தச் சங்கடத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டால் அது போய்விடும்.

முன்பின் மூன்று நாள் பக்கங்களை இரண்டாவது வாசிப்பில் பார்க்கலாம். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: கையால் படியெடுப்பது

படம் எடுத்தால் போதாதா என்பார்கள். பாதுகாப்புக்குப் படம் போதும், படிக்கப் போதாது. கையால் எழுதும்போதுதான், "இந்த வார்த்தையை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லையே" என்று தெரியும். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு பக்கம். மேலே வருடம், கிழமை, வயசு. கீழே பழைய வாசகம் ஓர் எழுத்துப் பிசகாமல். பிழையைத் திருத்தாதீர்கள். "அலைச்சல்" என்பதை 2011 வரை "அழைச்சல்" என்றே எழுதி வந்திருக்கிறேன். எழுதியவனை விட்டுவிடுங்கள், அவன் அப்படித்தான். அடித்துவிட்ட வரி தெரிந்தால் அதையும் எழுதி, அடித்தது என்று குறியுங்கள். பல நேரம் அடித்த வரிதான் விஷயம்.

கிழமையைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு தேதி அதே கிழமையில் 5, 6 அல்லது 11 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். டிசம்பர் 12 திங்கட்கிழமையாக வந்தது 2005, 2011, 2016, 2022. இந்த நான்கு பக்கங்களையும் தனியாக அடுக்கிப் பார்த்தால் நான் ஆபீஸுக்குக் கிளம்பிய நான்கு காலைகள் கிடைக்கின்றன. 2005-இல் 29சி பேருந்து, 2011-இல் பைக், 2016-இல் போகவே இல்லை, 2022-இல் வீட்டிலேயே கணினி முன்னால். ஞாயிற்றுக்கிழமையையும் திங்கட்கிழமையையும் ஒப்பிட்டு "அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தேன்" என்று சொல்கிற முட்டாள்தனத்திலிருந்து இது காப்பாற்றும்.

ஐந்தாவது படி: குறுக்கே படிப்பது

இதுவரை செய்ததெல்லாம் கூலி வேலை. இனிதான் விஷயம். நோட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்காமல் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு எல்லா வருடத்துக்கும் குறுக்கே போங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நூல்தான்.

பணத்தில் தொடங்குவது சுலபம். சுண்டல் 5 ரூபாய். 2019-இல் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதால் சாம்பாரில் வெங்காயம் இல்லை என்ற புலம்பல். விலை ஏறியதைப் பார்ப்பதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். எந்த வருடம் விலையை எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். நான் 2012-க்குப் பிறகு தேங்காய் விலை எழுதவில்லை. கஷ்டம் நின்ற வருடம் அது. அன்று எனக்கு அது தெரியவில்லை, கரண்ட் போனதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்: "12-12-12 என்று டிவியில் ஒரே ஆர்ப்பாட்டம். இரண்டு மணி நேரம் கரண்ட் கட். அம்மா அதற்குள் மாவாட்டி முடித்துவிட்டாள்."

அடுத்தது வானிலை. என் தேதியில் இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2008-இல் நிஷா புயல் போய் இரண்டு வாரம், தண்ணீர் லாரி. 2015-இல் வெள்ளம் வடிந்து பத்து நாள், பிளீச்சிங் பவுடர், சர்டிபிகேட்டுகளைக் கொடியில் காயப்போட்டது. 2016-இல் வர்தா அன்றைக்கேதான். 2020-இல் நிவருக்குப் பின். 2023-இல் மிக்ஜாம் போய் ஒரு வாரம், பாலுக்கு வரிசை. ஒவ்வொரு வருடமும் "இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, ஐந்து தடவை புதிதாக அதிர்ச்சி அடைந்திருக்கிறேன். இதைப் பார்த்த பிறகுதான் டைரிகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேலே ஏற்றினேன்.

மூன்றாவது நூல் பெயர்கள். யார் எந்த வருடம் உள்ளே வருகிறார்கள், எந்த வருடத்துக்குப் பிறகு காணோம். எங்கள் தெருவுக்கு வரும் பூக்கார அம்மா 2006, 2007, 2010, 2014, 2016 என்று ஐந்து பக்கங்களில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் அரை வரி: "பூக்காரம்மா இன்று சீக்கிரம் வந்துவிட்டார்", "கனகாம்பரம் இல்லையாம்". 2016-க்குப் பிறகு இல்லை. நின்றுவிட்டார் என்றும் எழுதவில்லை. படிக்கும்வரை அவரை நான் நினைத்துப் பார்த்தது கூட இல்லை.

நான்காவது நூலைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். நமக்குத் தமிழ் கொடுத்த வசதி அது. வீட்டில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயருக்குப் பின்னால் என்ன வேற்றுமை உருபு ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். 2004 முதல் 2012 வரை அப்பா எழுவாய். அப்பா வந்தார், அப்பா வாங்கி வந்தார், அப்பா திட்டினார், அப்பா சைக்கிளைத் துடைத்தார். 2014-இல் முதல் தடவையாக "அப்பாவோடு ஆஸ்பத்திரி". 2015-இல் "அப்பாவைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோன முதுகுவலி இன்னும் போகவில்லை". 2016-க்கு அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் அப்பாவுக்கு. அப்பாவுக்கு மாத்திரை, அப்பாவுக்கு மெழுகுவத்தி, அப்பாவுக்கு முகக்கவசம் பிடிக்கவில்லை. 2021-இல் "அப்பாவின் பென்ஷன் புத்தகம்". 2022-இல் "அப்பா இருந்தால் திட்டியிருப்பார்" என்று மறுபடியும் எழுவாய் ஆகிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தபோது யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லுக்கு அடியில் மட்டும் பென்சிலால் கோடு போட்டு, வருடத்தையும் உருபையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் பத்து நிமிஷ வேலை. மனைவி, கணவன், குழந்தை, அலுவலகத்து மேலாளர், யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்களையே எடுத்தால் இன்னும் விசேஷம்: "நான்" எத்தனை, "எனக்கு" எத்தனை, "என்னை" எத்தனை.

ஆறாவது படி: வெளியே சரிபார்ப்பது

டைரியும் பொய் சொல்லும். இரவு எழுதாமல் மறுநாள் எழுதியிருப்போம், இரண்டு நாள் சம்பவத்தை ஒன்றாக்கியிருப்போம். அந்தத் தேதியின் செய்தித்தாளை ஒருமுறை பார்ப்பது நல்லது, அதாவது மறுநாள் வந்த தாளை. சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம் போகலாம். பழைய தமிழ் அச்சுப் பிரதிகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

2016 பக்கத்தில் எனக்கு ஒரு வரி புரியாமல் இருந்தது: "மத்தியானம் காற்றில் வேப்பமரம் சாய்ந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏடிஎம்மில் பணம் இல்லை. நடுவில் கொஞ்ச நேரம் காற்று சுத்தமாக நின்றது. தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. தீபத்துக்கு ஒரே ஒரு அகல், அதுவும் கட்டிலுக்கு அடியில்." மிகைப்படுத்தி எழுதியிருக்கிறேன் என்றே நினைத்தேன். இல்லை. வர்தா புயலின் கண் பகுதி ஊரைக் கடந்தபோது காற்று நின்றது, கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து வீசியது. பணம் இல்லாததற்குக் காரணம் நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அந்த வருடத்து டிசம்பரில் எது எதனால் நின்றது என்பதே சென்னைக்காரனுக்குத் தெரியாமல் போனது.

சரிபார்த்ததைப் பழைய வாசகத்தோடு கலக்காதீர்கள். நோட்டின் எதிர்ப்பக்கத்தில், வேறு நிற மையில்.

ஏழாவது படி: மற்றவர்கள் இருக்கும் பக்கங்கள்

உங்கள் டைரியில் உங்கள் ரகசியம் மட்டும் இல்லை. அண்ணனின் கடன், தோழியின் விவாகரத்து, மாமியார் சொன்ன ஒரு சொல் எல்லாம் இருக்கும். படியெடுத்த நோட்டை வீட்டில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அவர்கள் பெயரை முதலெழுத்தாக்குங்கள். சத்தம் போட்டு வீட்டில் படித்துக் காட்டும் ஆசை வரும். அவர்களைப் பற்றிய வரியை முதலில் அவர்களிடம் தனியாகக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். நான் காட்டாமல் படித்தேன். அண்ணி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

வீட்டில் சாவு நடந்த வருடத்தை ஒட்டி இந்த வேலையே வேண்டாம். முதல் வருட திதியாவது முடியட்டும். படிக்கும்போது தாங்கவில்லை என்றால் அந்த வருடத்துப் பக்கத்தை ரப்பர் பேண்ட் போட்டு மூடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அல்லது கூட உட்கார ஒருவரைக் கூப்பிடுங்கள். பழைய பக்கம் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுவதுதான் சரி. பக்கம் எங்கேயும் ஓடிவிடாது.

எட்டாவது படி: இந்த வருடத்துப் பக்கம்

எல்லாம் முடிந்ததும் அதே தேதி வரும்வரை காத்திருந்து புதுப் பக்கம் எழுதுங்கள். பழைய டைரியின் ஓரத்தில் பதில் எழுத ஆசை வரும், கூடவே கூடாது. அது அவன் பக்கம். புதுப் பக்கத்தில் அன்றைய நாளை வழக்கம்போல எழுதுங்கள். டைரிகளைப் படித்த பெருமிதத்தில் தத்துவம் எழுத ஆரம்பித்தால் பத்து வருடம் கழித்துப் படிக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குத் தேவை என்ன சாப்பிட்டீர்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள், வாசலில் யார் வந்தார்கள், எந்தச் சத்தம் கேட்டது, யாரோடு பேசாமல் இருந்தீர்கள் என்பவைதான். நான் இதைக் கற்றுக்கொண்டது, "இன்று மனசு சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்த 2010 பக்கத்தைப் பார்த்துத்தான். ஏன் சரியில்லை என்று எழுத ஒரு வரிக்கு மேல் ஆகியிருக்காது. பாவி எழுதவில்லை.

கடைசி வரியாக அடுத்த வருடத்துக்கு ஒரு கேள்வி எழுதி வையுங்கள், விடை தேடிப் போக வேண்டிய கேள்வியாக. தேதி பிடித்துவிட்டது என்றால், அடுத்து 366 பக்க நோட்டு ஒன்று போட்டு, தேதிக்கு ஒரு பக்கம், வருடத்துக்கு இரண்டு வரி என்று எல்லா நாளுக்கும் விரிக்கலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டாவதாக ஒரு ஆகஸ்டு தேதி மட்டும் எடுத்திருக்கிறேன்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை நான் எழுதி வைத்த கேள்வி: "பூக்காரம்மா எப்போது நின்றார்?" மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "வேப்பமரம் விழுந்துச்சே, அதுக்கடியிலதானே கூடையை வெச்சு உக்காருவா. மரம் போனதும் ரெண்டு மாசம் வெயில்ல உக்காந்து பாத்தா. அப்புறம் மார்க்கெட் பக்கம் போயிட்டா" என்றாள். 2016-ஆம் வருடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பச்சை மையில், "அம்மா சொன்னது" என்று போட்டு அதை எழுதியிருக்கிறேன்.